நான் கொடுக்காத என் நம்பர்

கடன் வாங்கியது என் சித்தி மகன். போன் வந்தது எனக்கு. வகுப்பு முடிந்து வெளியே வந்த நேரம், தெரியாத எண். எடுத்ததும் ஒரு பெண் குரல், "அக்கா காலேஜ்தானே பேசுறீங்க?" என்றது. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. கல்லூரி அலுவலகத்தைத் தேடுகிறாள் போல என்று நினைத்து, யார் வேண்டும் என்று கேட்டேன். "உங்களைத்தான். உங்க தம்பி லோன் எடுத்துட்டுத் தவணை கட்டலை. போனையும் எடுக்க மாட்டேங்கிறார். நீங்கதான் அவருக்கு ரெஃபரன்ஸ்" என்றாள். அப்போதுதான் புரிந்தது. அவனுக்கு இரண்டு அக்காக்கள். கூடப் பிறந்தவள் வீட்டில் இருக்கிறாள், நான் கல்லூரியில் பாடம் நடத்துகிறேன். அவன் போனில் அவள் "அக்கா வீடு", நான் "அக்கா காலேஜ்". அவன் போனைத் திறந்து பார்த்தவரைத் தவிர வேறு யாரும் என்னை அப்படிக் கூப்பிட முடியாது.

முதலில் மரியாதையாகத்தான் பேசினாள். நான் யாருக்கும் ஜாமீன் போடவில்லை, எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடவில்லை என்று சொன்னதும் குரல் மாறியது. "அப்படின்னா உங்க காலேஜுக்கே போன் பண்றோம், அங்க சொல்லி வாங்கித் தரட்டும்" என்றாள். வைத்துவிட்டேன். அடுத்தடுத்து வேறு வேறு எண்களிலிருந்து அழைப்புகள் வந்துகொண்டே இருந்தன. அன்று மாலை அவனைப் பிடித்தேன். அழாத குறையாக அவன் சொன்ன ஒரு வாக்கியம்தான் இவ்வளவு காலமாக என்னை விடாமல் அரித்துக்கொண்டிருக்கிறது. "அக்கா, சத்தியமா உன் நம்பரை நான் யாருக்கும் கொடுக்கலை. காண்டாக்ட்ஸ் பாக்கலாமான்னு ஆப் கேட்டுச்சு. சரின்னு அமுக்கினேன். அவ்வளவுதான்."

அவன் சொன்னது பொய் இல்லை. என் நம்பரை அவன் ஒரு தாளில் எழுதிக் கொடுக்கவில்லை, வாய்விட்டுச் சொல்லவில்லை, என்னை நினைத்துக்கூடப் பார்க்கவில்லை. ஆனாலும் என் நம்பர் போய்விட்டது. சட்டப்படியும் தொழில்நுட்பப்படியும் அதற்கு ஒரு "சம்மதம்" பதிவாகி இருக்கிறது. அந்தச் சம்மதத்தில் என் பங்கு எதுவும் இல்லை. தனியுரிமையைப் பற்றி எழுதுகிற எல்லோரும் உங்கள் கடவுச்சொல்லை மாற்றுங்கள், ஓடிபியை யாரிடமும் சொல்லாதீர்கள், தெரியாத லிங்கைத் தொடாதீர்கள் என்கிறார்கள். எல்லாம் சரிதான். இதையெல்லாம் ஒழுங்காகக் கடைப்பிடிக்கிற ஒருத்தியின் தகவல் இன்னொருவர் விரல் வழியாகப் போகும்போது அவள் என்ன செய்ய வேண்டும் என்பதற்கு மட்டும் அந்த அறிவுரைகளில் பதில் கிடைக்கவில்லை.

### அந்தப் பட்டியலைப் பார்த்தபோது

அவன்மேல் எனக்குக் கோபம் இருந்தது, மறைக்கவில்லை. அந்தக் கோபம் இடம் மாறியது ஒரு ஞாயிற்றுக்கிழமை. யார் யாருக்கெல்லாம் போன் போயிருக்கும், யாரை முன்கூட்டியே எச்சரிக்க வேண்டும் என்று பார்ப்பதற்காக அவன் தொடர்புப் பட்டியலை மேலிருந்து கீழே இரண்டு பேரும் சேர்ந்து படித்தோம். ஒரு மனிதனின் காண்டாக்ட்ஸை அப்படி வரிசையாக யாரும் படிப்பதில்லை. தேடுகிறோம், கூப்பிடுகிறோம், மூடிவிடுகிறோம். படித்துப் பார்த்தால்தான் அதில் என்ன இருக்கிறது என்று தெரிகிறது.

பெயருக்குப் பக்கத்தில் தொழில் இருந்தது, நோய் இருந்தது, சண்டை இருந்தது. "பிசியோ மேடம்". "வக்கீல் டைவர்ஸ் கேஸ்", இது அவன் நண்பனுக்காக வைத்திருந்தது. "ராஜு எடுக்காதே" என்று ஒன்று. "மாமா ஐசியூ டாக்டர்". வேலையை விட்டு வந்த இடத்து மேலாளரின் எண், பெண் பார்த்து நிச்சயம் செய்திருந்த வீட்டில் பெண்ணின் அப்பா எண், எப்போதோ வீடு மாற்ற வந்த வண்டிக்காரர் எண். அவனுடைய அம்மாவின் பதிவைத் திறந்தால் எண்ணோடு பிறந்த நாள், வீட்டு முகவரி, கீழே குறிப்பு என்ற இடத்தில் ஒரு நான்கு இலக்க எண். என்ன என்று கேட்டேன். சித்தியின் ஏடிஎம் பின். அவளுக்கு மறந்துவிடும் என்று அவன் பத்திரமாக எழுதி வைத்திருக்கிறான். அந்தப் பட்டியலைத் திறக்கும் உரிமை ஒரு செயலிக்குக் கிடைத்தால், பொதுவாகப் பெயரும் எண்ணும் மட்டும் போவதில்லை. மின்னஞ்சல், முகவரி, பிறந்த நாள், எந்த நிறுவனத்தில் வேலை என்பதெல்லாம் எடுக்கக் கிடைக்கும். குறிப்புக்கு ஆப்பிள் பின்னாளில் தனிப் பூட்டுப் போட்டது. சாதாரணச் செயலிகளுக்கு அது கிடைக்காது. எல்லாப் போனிலும் அந்தப் பூட்டு இல்லை.

பாதிப் பட்டியல் தாண்டியதும் அவன் நிறுத்திவிட்டான். "இவங்க யாருன்னே எனக்கு ஞாபகம் இல்லக்கா" என்றான். அவனுக்கே ஞாபகம் இல்லாத ஒரு மனிதரின் பெயரும் எண்ணும் கடன் வசூல் செய்கிற ஒரு கூட்டத்திடம் இருக்கிறது. அந்த மனிதர் என்றாவது ஒரு நாள் அழைப்பை எடுப்பார், யாரோ திட்டுவார்கள், ஏன் என்றே தெரியாமல் வைப்பார். இந்தக் கடனுக்கும் இந்தச் செயலிக்கும் அவருக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. அவர் என்ன ஜாக்கிரதையாக இருந்திருக்க முடியும்? இந்தக் கேள்வி வந்ததும் அவன்மேல் இருந்த கோபம் அவனைத் தாண்டிப் போய்விட்டது. ஒரே ஒரு பொத்தானை வைத்து, நூற்றுக்கணக்கான பேரின் சம்மதத்தை ஒருவனிடம் கேட்டு வாங்கிக்கொள்கிற ஏற்பாட்டின் மேல்தான் இப்போது என் கோபம்.

பக்கத்து வீட்டுக்காரர் வெளியூர் போகும்போது சாவியை நம்மிடம் கொடுத்துவிட்டுப் போகிறார். வாசலுக்கு வந்த ஒருவர் "உங்களிடம் இருக்கிற சாவிகளை எல்லாம் பார்க்கலாமா?" என்று கேட்டால் நாம் கொடுக்க மாட்டோம். அது நம் கையில் இருக்கிறதே தவிர நம்முடையது இல்லை என்று யாரும் சொல்லாமலே தெரியும். போனில் இருக்கிற எண்களுக்கு மட்டும் அந்த எண்ணம் நமக்கு வருவதில்லை, வராதபடிதான் அந்தத் திரையும் எழுதப்பட்டிருக்கிறது. "உங்கள் தொடர்புகளை அணுக அனுமதிக்கவா?" என்று கேட்கிறது. எல்லாம் "உங்கள்" கணக்கில் வந்துவிடுகிறது.

### கேட்காமல் எடுத்த காலமும் கேட்டு எடுக்கும் காலமும்

இந்த அளவுக்காவது கேட்கிறார்களே என்று தோன்றலாம். ஒரு காலத்தில் கேட்கவே இல்லை. 2012 பிப்ரவரியில் பாத் என்ற சமூக வலைச் செயலி ஐபோனில் இருந்த முகவரிப் புத்தகம் முழுவதையும் சத்தமில்லாமல் தன் சர்வருக்கு அனுப்புகிறது என்று ஒரு மென்பொருளாளர் கண்டுபிடித்து எழுதினார். கொஞ்ச நாளில் வேறு பல பிரபல செயலிகளும் இதையே செய்கின்றன என்று தெரியவந்தது. பாத் மன்னிப்புக் கேட்டு, எடுத்த தகவல்களை அழித்தது. அதே ஆண்டு செப்டம்பரில் வந்த ஐஓஎஸ் 6-இல்தான் தொடர்புகளைப் பார்க்கத் தனி அனுமதி என்ற பெட்டி வந்தது. ஆண்ட்ராய்டில் செயலியை நிறுவும்போது மொத்தமாக ஒப்புக்கொள்ளும் முறை போய், தேவைப்படும் நேரத்தில் ஒவ்வொன்றாகக் கேட்கும் முறை 2015-இல் ஆறாம் பதிப்போடு வந்தது. ஆனால் கொடுத்தால் முழுப் பட்டியலையும் கொடு, இல்லாவிட்டால் ஒன்றும் கொடுக்காதே என்பதுதான் அப்போதும் நிலை. குறிப்பிட்ட சிலரை மட்டும் தேர்ந்தெடுத்துக் காட்டும் வசதி ஐபோனுக்கு 2024-இல், ஐஓஎஸ் 18-இல்தான் வந்தது. பெட்டி வந்து 12 ஆண்டு கழித்து! இத்தனை காலமும் ஒரு நண்பனை ஒரு செயலியில் தேடுவதற்கு, ஐசியூ டாக்டரையும் சேர்த்துக் கொடுக்க வேண்டியிருந்தது.

கடன் செயலிகளின் கதை தனி. இந்தியா, கென்யா, பிலிப்பைன்ஸ், மெக்சிகோ என்று பல நாடுகளில் ஒரே மாதிரிதான் நடந்தது. கடன் கேட்கிறவரின் காண்டாக்ட்ஸ் உள்ளே போகும், தவணை தவறினால் அதில் இருக்கிறவர்களுக்கு அழைப்பும் அவமானப்படுத்தும் செய்தியும் போகும். அடகு வைக்க நகை இல்லாதவனிடம் உறவுகளை அடகாக வாங்கிக்கொள்கிறார்கள். பிலிப்பைன்ஸின் தேசியத் தனியுரிமை ஆணையம் 2019-இலேயே பல செயலிகளை நிறுத்தச் சொன்னது. இந்திய ரிசர்வ் வங்கி 2022 செப்டம்பரில் வெளியிட்ட டிஜிட்டல் கடன் வழிகாட்டுதல்களில், கடன் செயலிகள் தொடர்புப் பட்டியல், அழைப்பு விவரம், போனில் இருக்கும் கோப்புகள் ஆகியவற்றைத் தொடக்கூடாது என்று சொன்னது. கூகுள் தன் பிளே ஸ்டோரில் 2023 மே 31 முதல் தனிநபர் கடன் செயலிகள் காண்டாக்ட்ஸையும் படங்களையும் கேட்பதற்குத் தடை போட்டது. என் சித்தி மகன் இறக்கியது அந்த ஸ்டோரில் இருந்து இல்லை. குறுஞ்செய்தியில் வந்த லிங்கைத் தொட்டு நேரடியாக இறக்கியிருக்கிறான். விதி எங்கே முடிகிறதோ அங்கேதான் அந்தத் தொழில் கடை போட்டிருக்கிறது.

இந்த விதிகள் நல்லவை. இருந்தாலும் இவை கடன் செயலிகளைப் பற்றியவை மட்டும். ஒருவரின் சம்மதத்தை இன்னொருவரிடம் வாங்குவது என்ற பழக்கத்தை இவை தொடவில்லை. அந்தப் பழக்கத்தின் அளவு தெரிய வேண்டுமானால் கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா என்ற அரசியல் ஆலோசனை நிறுவனத்தின் கைக்குப் பேஸ்புக் பயனர்களின் தகவல் போன விவகாரத்தை நினைத்தால் போதும். அந்தத் தகவலைத் திரட்டியது பேஸ்புக்கில் ஆளுமைத் தேர்வு நடத்திய ஒரு செயலி. அதைப் பயன்படுத்தியவர்கள் ஏறத்தாழ 2.7 லட்சம் பேர். 2018-இல் பேஸ்புக்கே ஒப்புக்கொண்ட கணக்குப்படி தகவல் போனது 8.7 கோடி பேர் வரை. மிச்சம் இருந்த எல்லோரும் அந்த 2.7 லட்சம் பேருக்கு நண்பர்கள், அவ்வளவுதான் அவர்கள் செய்தது. மரபணுப் பரிசோதனை நிறுவனமான 23அண்ட்மீயில் 2023-இல் நடந்தது இன்னும் கொடுமை. வேறு தளங்களில் கசிந்த கடவுச்சொற்களை வைத்துத் திருடர்கள் திறந்தது ஏறத்தாழ 14,000 கணக்குகள். ஆனால் உறவினரைக் கண்டுபிடிக்கும் வசதி அங்கே இருந்ததால், அந்தக் கணக்குகள் வழியாக 69 லட்சம் பேரின் விவரங்களைப் பார்த்துவிட்டார்கள். யாருமே யூகிக்க முடியாத கடவுச்சொல் வைத்திருந்தவரும், எங்கோ இருக்கும் தூரத்து உறவினர் ஒருவர் பழைய கடவுச்சொல்லை மாற்றாததால் வெளியே தெரிந்துவிட்டார். அந்த நிறுவனம் 2025 மார்ச்சில் திவால் மனு போட்டது. இத்தனை பேரின் மரபணுத் தகவல் யார் கைக்குப் போகும் என்ற பேச்சு அதன் பிறகு வந்தது.

### "நம்பர்தானே, எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே"

என்னோடு வேலை செய்யும் மூத்த ஆசிரியர் ஒருவரிடம் இதைச் சொல்லிப் புலம்பியபோது அவர் ஒத்துக்கொள்ளவில்லை. "ஏம்மா, அந்தக் காலத்துல டெலிபோன் டைரக்டரியில பேரு, அட்ரஸ், நம்பர் எல்லாம் அச்சடிச்சு வீட்டுக்கு வீடு கொடுத்தான். யாரு அழுதா?" என்றார். நியாயமான கேள்வி. சட்டென்று பதில் வராமல், பிறகு யோசித்துச் சொன்னேன். "சார், டைரக்டரியில உங்க பேரு வேண்டாம்னு எழுதிக் கொடுத்தா எடுத்துடுவான். அதுவும் போக, உங்களுக்கு யாரைத் தெரியும்னு டைரக்டரி சொல்லாது." அவர் இன்னும் முழுசாக ஒப்புக்கொள்ளவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

எனக்கு முக்கியமாகப் படுவது அந்த இரண்டாவது விஷயம். ஒரே ஒருவரின் காண்டாக்ட்ஸில் என் எண் இருந்தால் அது வெறும் எண். நாற்பது பேரின் காண்டாக்ட்ஸ் ஒரே சர்வரில் சேரும்போது அது என்னைப் பற்றிய கோப்பு ஆகிறது. ஒருவர் என்னை "மேத்ஸ் மேடம்" என்று வைத்திருப்பார், இன்னொருவர் முழுப் பெயரோடு, ஒருவர் பழைய வீட்டு முகவரியோடு, ஒருவர் "தைராய்டு குரூப்" என்று. நான் அந்தச் சேவையில் கணக்கே தொடங்கியிருக்க வேண்டாம். நான் யார், என்ன வேலை, எந்த மருத்துவரிடம் போகிறேன், எந்தக் குடும்பம் என்பதை மற்றவர்கள் துண்டு துண்டாகக் கொடுத்திருப்பார்கள். இது கற்பனை இல்லை. 2013 ஜூனில் பேஸ்புக்கில் ஒரு பிழை வெளியே வந்தது. தங்கள் தகவலைத் தரவிறக்கிப் பார்த்தவர்களுக்கு, நண்பர்கள் தாங்களாகத் தராத மின்னஞ்சல்களும் போன் எண்களும்கூடச் சேர்ந்து வந்தன. வேறு யாரோ தங்கள் முகவரிப் புத்தகத்தை ஏற்றியபோது வந்தவை அவை. 60 லட்சம் பேரின் விவரங்கள் அப்படித் தெரிந்துவிட்டன. அந்தப் பிழை வந்திருக்காவிட்டால் அப்படி ஒரு சேமிப்பு இருப்பதே பலருக்குத் தெரிந்திருக்காது.

எண்களை அப்படியே வைப்பதில்லை, குழப்பிச் சங்கேதமாக்கித்தான் வைக்கிறோம் என்று நிறுவனங்கள் சொல்வதுண்டு. ஹாஷ் செய்வது என்பார்கள். கடவுச்சொல்லுக்கு அது நல்ல காவல். போன் எண்ணுக்கு அவ்வளவு காவல் இல்லை, ஏனென்றால் எண்கள் குறைவு. பத்து இலக்கத்தில் மொத்தமே 1,000 கோடி எண்கள்தான் உண்டு. சாதாரண ஹாஷாக இருந்தால், எல்லா எண்ணையும் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்து எது எது என்று கண்டுபிடிக்க இன்றைய கணினிக்குச் சில நிமிடங்கள் போதும். வாட்ஸ்அப்புக்கு 2021 செப்டம்பரில் அயர்லாந்தின் தரவுப் பாதுகாப்பு ஆணையம் 22.5 கோடி யூரோ அபராதம் போட்ட வழக்கில் இதுவும் ஒரு விவாதம். வாட்ஸ்அப் வைத்திருக்காதவர்களின் எண்கள், மற்றவர்களின் காண்டாக்ட்ஸ் வழியாக வருகின்றன. அவற்றை மாற்றி வைத்தாலும் அவை தனிநபர் தகவல்தான் என்ற முடிவுக்கு அங்கே வந்தார்கள். கணக்கே இல்லாதவருக்கும் உரிமை உண்டு என்று ஓர் அதிகார அமைப்பு சொன்னதைப் படித்தபோது எனக்கு ஆறுதலாக இருந்தது. வேறு பக்கத்தில், வியன்னா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எண்களை வரிசையாகச் சோதித்தே 350 கோடி வாட்ஸ்அப் கணக்குகளைக் கண்டெடுக்க முடிந்தது என்று 2025-இல் வெளியிட்டார்கள். அந்த ஓட்டையை நிறுவனம் பிறகு அடைத்தது. நண்பர்களைச் சுலபமாகத் தேடித் தருவதற்காக வைத்த கதவு வழியாகத்தான் அவர்கள் போய் வந்தார்கள்.

### சட்டம் எந்த இடத்தில் நின்றுவிடுகிறது

சட்டம் இல்லாமல் இல்லை. மலேசியாவில் 2010-இல், சிங்கப்பூரில் 2012-இல், இலங்கையில் 2022-இல், இந்தியாவில் 2023-இல் தனிநபர் தரவுச் சட்டம் வந்தது. ஐரோப்பாவின் தரவுப் பாதுகாப்புச் சட்டமான ஜிடிபிஆர் 2018 மே 25 முதல் நடைமுறையில் இருக்கிறது. இவை எல்லாவற்றிலும் ஒரு பொதுவான விலக்கு உண்டு. தனிமனிதர் தன் சொந்த, குடும்பக் காரியத்துக்காக வைத்திருக்கும் தகவலுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. அது வேண்டும்தான். இல்லாவிட்டால் அத்தையின் பிறந்த நாளைக் குறித்து வைப்பதற்கும் அவளிடம் கையெழுத்து வாங்க வேண்டியிருக்கும். என் சித்தி மகன் போனில் என் எண் இருப்பது அந்த விலக்குக்குள் வருகிறது. அங்கிருந்து ஒரு நிறுவனத்தின் சர்வருக்குப் போன பிறகு விலக்கு இல்லை, நிறுவனம் பொறுப்பு. ஆனால் நிறுவனம் என்ன சொல்கிறது? பயன்படுத்துகிறவர் சம்மதம் தந்தார் என்கிறது. பல செயலிகளின் விதிமுறைகளில், தொடர்பில் இருப்பவர்களின் தகவலைத் தரும் உரிமை தனக்கு இருப்பதாகப் பயனர் உறுதி சொல்வதாக ஒரு வரி இருக்கும். என் சித்தி மகனும் அப்படி ஓர் உறுதியைத்தான் கொடுத்திருப்பான், படிக்காமலே. பட்டியலில் இருந்த எல்லோரிடமும் கேட்டுவிட்டு வந்து அமுக்கியதாக. அது நடக்காது என்று எழுதியவருக்கும் தெரியும், எழுதச் சொன்னவருக்கும் தெரியும்.

ஜிடிபிஆரில் எனக்குப் பிடித்த ஒரு பிரிவு பதினான்காவது. ஒருவரின் தகவல் அவரிடமிருந்து வராமல் வேறு வழியாக ஒரு நிறுவனத்துக்குக் கிடைத்தால், அதிகபட்சம் ஒரு மாதத்துக்குள் அவருக்குத் தெரிவிக்க வேண்டும். எங்கிருந்து கிடைத்தது என்பதையும் சொல்ல வேண்டும். விலக்குகள் உண்டு, எல்லோரும் ஒழுங்காகக் கடைப்பிடிப்பதும் இல்லை. ஆனாலும் கேள்வி சரியான ஆளை நோக்கித் திரும்புகிறது. என் எண் ஒரு இடத்துக்குப் போகிறது என்றால் எனக்கு ஒரு தகவல் வரட்டும், வேண்டாம் என்று சொல்ல ஒரு வழி இருக்கட்டும். எண்ணைக் கையில் வாங்கியவர்களுக்கு எண்ணுக்குரியவரைக் கூப்பிடத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. கடன் கேட்டுக் கூப்பிட அவர்களுக்கு நன்றாகவே தெரிந்திருந்தது.

அதுவரை நாமாகச் செய்ய முடிந்தது கொஞ்சம்தான், அந்தக் கொஞ்சத்தை நான் விடாமல் செய்கிறேன். போனின் அமைப்புகளில் தனியுரிமைப் பகுதிக்குப் போனால் காண்டாக்ட்ஸ் அனுமதி எந்தெந்தச் செயலிக்கு இருக்கிறது என்று தனிப் பட்டியலாகக் காட்டும். படம் திருத்துகிற செயலிக்கும் விளையாட்டுக்கும் என் உறவினர்கள் எதற்கு? எடுத்துவிட்டேன், எந்தச் செயலியும் நின்றுபோகவில்லை. குறிப்புப் பகுதியில் எண்களோ நோயோ எழுதுவதில்லை. சித்தியின் பின் எண்ணை மாற்றவைத்தோம். பணம் அனுப்பும் செயலியிலும் செய்தி அனுப்பும் செயலியிலும் காண்டாக்ட்ஸ் இல்லாமலே எண்ணைத் தட்டச்சு செய்து வேலையை முடிக்கலாம், கொஞ்சம் சோம்பேறித்தனத்தை விட வேண்டும், அவ்வளவுதான். அழைப்பவர் பெயர் காட்டும் செயலிகளில் பெரும்பாலானவை தங்கள் இணையதளத்தில் நம் எண்ணை நீக்கிக்கொள்ள ஒரு பக்கம் வைத்திருக்கின்றன. அதைத் தேடிப் போய் நீக்கினேன். யாராவது "அவங்க நம்பர் இருந்தா அனுப்புங்களேன்" என்றால் எண்ணுக்குரியவரிடம் கேட்டுவிட்டு அனுப்புகிறேன். முதலில் இது எல்லோருக்கும் வினோதமாக இருந்தது. நம் ஆட்களிடையே கேட்டவுடன் எண்ணைக் கொடுப்பதுதான் உதவி. தாமதித்தால் முகம் சுருங்கும். சுருங்கட்டும் என்று விட்டுவிட்டேன். இதை நான் உறுதியாகவே நம்புகிறேன், இந்த இடத்தில் நெளிந்துகொடுக்க விருப்பம் இல்லை.

ஆனால் இவை எல்லாம் நான் பிறருக்குச் செய்வது. எனக்கு அவர்கள் செய்வார்களா என்பது என் கையில் இல்லை. என் எண்ணை வைத்திருக்கும் நூற்றுக்கணக்கானவர்களின் போனில் எந்தெந்தச் செயலிக்குக் கதவு திறந்திருக்கிறது என்று எனக்குத் தெரிய வழியில்லை. என் பாதுகாப்பு அவர்களுடைய நிதானத்தைப் பொறுத்தது. அதனால்தான் இதைத் தனிமனித ஜாக்கிரதை என்ற கணக்கில் விடுவதை நான் ஏற்பதில்லை. பொத்தானை வடிவமைப்பவரும் பட்டியலை வாங்கிக்கொள்பவரும்தான் முதல் பொறுப்பாளிகள். ஒருவரைத் தேட ஒருவரை மட்டும் காட்டினால் போதும் என்ற வசதியை எல்லாப் போனிலும் இயல்புநிலையாக வைக்க முடியும். ஐபோனில் செய்து காட்டிவிட்டார்கள், முடியாது என்ற பேச்சுக்கே இடமில்லை.

போன மாதம் ஒரு சேவைக்காக விண்ணப்பம் நிரப்ப வேண்டி வந்தது. அதில் குடும்பத்தைச் சேராத இரண்டு பேரின் பெயரும் எண்ணும் கேட்டிருந்தார்கள். என் தோழி ஒருத்தியைக் கூப்பிட்டு, உன் எண்ணைப் போடட்டுமா என்று கேட்டேன். சற்றுத் தயங்கிவிட்டு, "போடாதேயேன் ப்ளீஸ். எதுக்குக் கேட்கிறாங்கன்னு தெரியாம வேண்டாம்" என்றாள். இருபது வருடப் பழக்கம். கொஞ்சம் சுருக்கென்றுதான் இருந்தது. பிறகு, கேட்டதால்தானே அவளால் சொல்ல முடிந்தது என்று தோன்றியது. அந்த இடத்தைக் காலியாக விட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கவுன்டரில் இருந்த பையன் நிரப்பித் தரச் சொன்னான். இவர்களுடைய எண்ணை எதற்குப் பயன்படுத்துவீர்கள், அவர்களுக்கு நீங்கள் தெரிவிப்பீர்களா, எத்தனை நாள் வைத்திருப்பீர்கள் என்று கேட்டேன். அவனுக்குத் தெரியவில்லை. உள்ளே போய் மேலதிகாரியிடம் கேட்டுவிட்டு வந்து, "அவருக்கும் தெரியலை மேடம். இருக்கட்டும், அப்படியே கொடுங்க" என்று வாங்கிக்கொண்டான். விண்ணப்பம் ஏற்கப்பட்டுவிட்டது. எதற்கு என்று தெரியாத அந்த இரண்டு கட்டங்களையும் படிவத்திலிருந்தே எடுத்துவிடச் சொல்லி அந்த அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை. வராவிட்டால் மறுபடியும் எழுதுவேன்.